கையடக்கக் கருவியும் களக் கல்வியும்

கண்முன் உள்ள பொருளின்மீது, கணிப்பொறி ஆக்கித் தரும் எழுத்தையோ ஒலியையோ உருவத்தையோ பொருந்தவைத்து, இரண்டையும் ஒருசேர உணரச் செய்யும் முறையை ஆங்கிலத்தார் ஆக்மென்டட் ரியாலிட்டி என்பர். தமிழில் அது மிகை மெய்ம்மை என வழங்கிவருகிறது. கைப்பேசி பெருகிய பின்னர், இம்முறை கல்விக்குப் பெருந்துணையாகும் என்ற கூற்றும் பெருகியுளது. பாடநூற் படத்தின்மேல் கைப்பேசியைப் பிடித்தால் இதயம் துடிக்கும், கோள்கள் சுழலும், மறைந்த விலங்குகள் எழுந்து நடக்கும் என்பன போன்ற விளம்பரங்களை யாவரும் கண்டிருப்பர். அவ்விளம்பரங்களின் மெய்பொய்களைத் தேர்வது எமது நோக்கமன்று. கையடக்கக் கருவியின்வழி மிகை மெய்ம்மைக் கல்வி தொடங்கிய காலத்தில் அஃது எந்நிலையில் இருந்தது, பின்னர் எவ்வாறு திரிந்தது என்பதனை நோக்கி, அதன் வரலாற்றை வழக்கமாகச் சொல்லும் முறையில் உள்ள ஒரு குறையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். மிகை என்பது தமிழில் மிகுதியை மட்டும் குறிப்பதன்று. வேண்டாத கூடுதலையும், அதன்வழிக் குற்றத்தையும் குறிக்கும். மிகைபடக் கூறலை நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக வைத்தார். அதுபற்றி மிகை மெய்ம்மை என்னும் ஆக்கத்தை ஏற்கத் தயங்குவார் உளராயின், அவர் தயக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் யாம் அச்சொல்லையே மேற்கொள்கிறோம். உள்ளதனோடு ஒன்றைச் சேர்ப்பது எப்போது பயனாகிறது, எப்போது மிகையாகிறது என்ற வினாவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. அவ்வினாவைத் தன்னுள்ளேயே கொண்ட சொல் பொருத்தமானதேயாம். இலக்கியம் பயில்வார்க்கு இவ்வினா புதிதுமன்று. மூலத்தோடு உரையைச் சேர்த்துப் படிப்பது நம்மவர் நெடுங்கால வழக்கு. நல்லுரை படிப்பவனை மீண்டும் மூலத்தினிடத்தே செலுத்தும். தன் புலமை காட்ட எழுந்த உரையோ மூலத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். களத்தை மூலமாகவும் கருவி தருவதனை உரையாகவும் வைத்து நோக்கின், இத்துறையின் வரலாறு வேறொரு வடிவில் தோன்றக் காணலாம்.

வழக்கமான வரலாறு

இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1968-ஆம் ஆண்டில் தொடங்குவர். அவ்வாண்டில் ஐவன் சதர்லண்டு என்னும் அறிஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாம் அமைத்த தலையணிக் காட்சிக் கருவியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கூரையிலிருந்து தொங்கிய பொறிக்கையோடு பிணைந்த அக்கருவியை அணிந்தவர், அறையில் உள்ள பொருள்களையும், அவற்றினிடையே மிதக்கும் கோட்டுருவங்களையும் ஒருங்கே கண்டார். அடுத்து 1992-ஆம் ஆண்டைக் குறிப்பர். போயிங் விமானத் தொழிற்சாலையைச் சார்ந்த காடெல், மைசல் என்னும் இருவர், விமானத்துக்குரிய கம்பிகளைப் பிணைக்கும் தொழிலாளர்க்கு வழிகாட்டும் குறிகளைக் கண்முன் காட்ட ஒரு முறை வகுத்தனர். துறையின் பெயரும் அவர்கள் கட்டுரைவழியே பரவியது. பின்னர் 1997-இல் ரொனால்டு அசூமா என்பார், மெய்யும் புனைவும் ஒருங்கிணைதல், உடனுக்குடன் எதிர்வினை புரிதல், முப்பரிமாணத்தில் பிசகாது பொருந்துதல் என மூன்று இலக்கணங்களை வகுத்தார். இன்றளவும் துறையோர் ஓதும் இலக்கணம் அதுவே.

இவ்வரிசை பிழையுடையதன்று. ஆயின் இது காட்சியின் வரலாறு. கருவி எவ்வளவு திறம்பட உருவத்தைப் பொருந்தக் காட்டியது என்பதே இதன் அளவுகோல். கற்பவன் இவ்வரிசையில் யாண்டும் தலைப்படவில்லை. கல்வியின் நோக்கில் எழுதப்படும் வரலாறும் இவ்வரிசையையே அடியாகக் கொண்டு, உருவத்தின் தெளிவு மிகுந்தவாறெல்லாம் கல்வியும் உயர்ந்தது போலச் சொல்லிச் செல்வதுதான் யாம் கண்ட குறை.

நடந்து கற்றல்

கற்பவனுக்குரிய வரலாறு வேறோரிடத்தில் தொடங்குகிறது என்பது எம் கருத்து. நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1997-இல் ஸ்டீவன் ஃபைனரும் அவர்தம் குழுவினரும் சுற்றுலாப் பொறி என்னும் பொருள்படும் பெயருடைய ஒரு கருவியை அமைத்தனர். முதுகில் கணிப்பொறியைச் சுமந்து, தலையில் காட்சிக் கண்ணாடி அணிந்து, கையில் சிறு பலகை போன்ற திரையை ஏந்தி ஒருவர் வளாகத்தில் நடப்பார். எதிரே தோன்றும் கட்டடத்தின் பெயர் கண்ணாடியில் தெரியும். அதனைப் பற்றிய விரிந்த செய்தி கையிலுள்ள திரையில் விளங்கும். கண்ணாடி பெயரளவில் நின்றுவிட, படிக்கும் செயல் கைத்திரைக்கு வந்தது என்பதனை ஈண்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாண்டு கழித்து, 1999-இல், அக்குழுவினரைச் சார்ந்த தோபியாஸ் ஹாலரரும் ஃபைனரும் இதழியல் பேராசிரியரான ஜான் பவ்லிக்கும் அப்பொறியைக் கொண்டு இடஞ்சார் ஆவணப் படைப்புக்கள் சிலவற்றை ஆக்கினர். அவற்றுள் ஒன்று 1968-இல் அவ்வளாகத்தில் நிகழ்ந்த மாணவர் கிளர்ச்சியைப் பற்றியது. கிளர்ச்சி நிகழ்ந்த கட்டடங்களின் முன்னே நின்று அக்காலப் படங்களையும் செய்திகளையும் காணுமாறு அஃது அமைந்தது. மற்றொன்று புளூமிங்டேல் மனநோய் மருத்துவ நிலையத்தைப் பற்றியது. கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1897-இல் இவ்விடத்துக்குப் பெயர்ந்து வருமுன் அந்நிலையமே இங்கு இருந்தது. அதன் கட்டடங்களுள் 1885-இல் எழுந்த ஒன்று மட்டும் இன்று பியூயல் மண்டபம் என்ற பெயரோடு எஞ்சியுள்ளது. நாள்தோறும் அவ்வழியே நடக்கும் மாணவர், தாம் நிற்கும் நிலத்தின் பழைய நிலையை அந்நிலத்திலேயே நின்று அறிய வாய்த்தது. சதர்லண்டின் தலையணிக் கருவியும் அக்கிளர்ச்சியும் ஒரே ஆண்டினவாதல் தற்செயல் ஒற்றுமையே. ஆயினும் வரலாறு எழுதுவோர் முன்னதைக் குறித்துப் பின்னதைக் கொண்ட படைப்பை விட்டுவிடுதல் வியப்புக்குரியது.

இவ்வாறு முதுகிற் சுமந்த பொறி உள்ளங்கைக்கு வந்து சேர்ந்த வழி இரண்டு. சப்பானிய அறிஞர் ஜூன் ரெகிமோட்டோ 1995-இலேயே கையிற் பிடித்து நோக்கும் சிறு திரையொன்றை ஆக்கினார்; எனினும் அத்திரைக்கான கணிப்பு வேலையைப் பிறிதொரு பொறியே செய்தது. வியன்னாவில் வாக்னர், ஷ்மால்ஷ்டீக் என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கையடக்கக் கணிப்பொறி தானே அவ்வேலையைச் செய்யக்கூடும் என்பது விளங்கியது. இஃது ஒரு வழி. மற்றது அத்துணைப் புகழ் பெறாதது. ஆயினும் கல்விக்கு அதுவே திறவுகோலாயிற்று. அமெரிக்க அரசு, செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் ஜி.பி.எஸ். குறிகளில் பொதுமக்களுக்குக் கிடைப்பவற்றை வேண்டுமென்றே மங்கச் செய்துவந்தது. அதனால் இடக்கணிப்பில் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பிழை நேரும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அம்மறைப்பு நீக்கப்பட்டது. ஒரு மரத்தடிக்கும் அடுத்த மரத்தடிக்கும் வேறுபாடு காண இயலாவிடினும், ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் வேறுபாடு காண எளிய கருவியும் போதும் என்ற நிலை அன்று பிறந்தது. படைத்துறையின் ஓர் ஆணை மாற்றம் களக் கல்விக்கு வித்தாகியது எனின் அது மிகையன்று.

லெக்சிங்டன் திடல்

இவ்வாய்ப்பை முதலில் நன்கு பயன்படுத்தியவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த எரிக் கிளாப்பரும் குர்ட் ஸ்கொயரும் ஆவர். சுற்றுச்சூழல் துப்பறிவோர் எனப் பொருள்படும் அவர்தம் பயிற்சி விளையாட்டில், நிலத்தடி நீரில் டிரைகுளோரோஎத்திலீன் என்னும் நச்சுப்பொருள் கசிந்துவிட்டதாக ஒரு புனைவு உண்டு. மாணவர் கையடக்கக் கணிப்பொறியுடன் மெய்யான வளாகத்தில் நடந்து, உரிய இடங்களில் புனைவுக் கிணறு தோண்டி நீரை ஆராய்வர்; புனைவு மாந்தரைக் கண்டு வினவுவர்; குறித்த காலத்துக்குள் ஒரு முடிவு கூறுவர். எல்லா இடத்தும் தோண்டக் காலம் போதாது. யாரை வினவுவது, எதனை விடுவது என்று ஆராய்ந்து துணிதலே பயிற்சி. திரையில் தோன்றியவை ஒரு வரைபடமும் சில எழுத்துக்களும் எளிய படங்களும்தாம்.

அதே கழகத்தில் கேரன் ஷ்ரியர் என்பார் 2005-இல் அளித்த முதுகலை ஆய்வேடு, இம்முறையை வரலாற்றுக் கல்விக்குக் கொண்டுவந்தது. இதனைச் சற்று விரித்து நோக்குவோம்; இத்துறையில் யாம் அறிந்தவற்றுள் இலக்கிய வரலாறு பயில்வார்க்கு மிக நெருங்கியது இதுவே.

லெக்சிங்டன் என்பது பாஸ்டன் நகரையடுத்த சிற்றூர். 1775 ஏப்ரல் 19 விடியற்காலையில், கன்கார்டு என்னுமிடத்துப் படைக்கலங்களைக் கைப்பற்றச் சென்ற ஆங்கிலப் படையினர் இவ்வூர்த் திடலில் குடிப்படையினரை எதிர்கொண்டனர். குடிப்படைத் தலைவர் ஜான் பார்க்கர். அவரோடு நின்றோர் எழுபதின்மருக்குச் சற்று மிக்கவர். குண்டு ஒன்று வெடித்தது. அதனையடுத்துப் பல வெடித்தன. குடிப்படையினருள் 8 பேர் மாண்டனர். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய இடம் இது. அம்முதற்குண்டைச் சுட்டவர் யார்? பார்க்கர் சில நாளில் உறுதிமொழியிட்டு அளித்த சான்றுரையில், தாம் கலைந்துசெல்லுமாறும் சுடாதிருக்குமாறும் ஆணையிட்டதாகவும், ஆங்கிலப் படையினரே எழுந்து சுட்டதாகவும் கூறினார். ஆங்கில அதிகாரியான பிட்கேர்ன் தம் மேலவர்க்கு எழுதிய அறிக்கையிலோ, சுவரின் பின்னிருந்து தம்மவர்மீது சுட்டதாகக் கூறினார். பிற சான்றுகளும் இவ்வாறே முரண்பட்டு நிற்கின்றன. முடிந்த முடிபு இன்றுமில்லை.

ஷ்ரியர் அமைத்த பாடம் இம்முடிபின்மையையே அடிப்படையாகக் கொண்டது. பங்குகொள்வோர் நான்கு வகையினராகப் பிரிந்து அத்திடலிலேயே நடப்பர். ஒரு வகையினர் பிரின்சு எசுட்டபுரூக் என்னும் கறுப்பினத்து அடிமையின் நிலையினர். அவர் குடிப்படையோடு நின்று அன்று காயமுற்றவர். ஒரு வகையினர் ஆன் ஹல்டன் என்னும், ஆங்கில ஆட்சியைச் சார்ந்த பெண்மணியின் நிலையினர். பாஸ்டன் சுங்க அதிகாரி ஒருவரின் உடன்பிறந்தாளாகிய அவர் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஏனைய இரு வகையினர் இரு பக்கத்துப் படைவீரர் நிலையினர். திடலில் குறித்த இடத்தை அடையும்போது, கையிலுள்ள கருவி அவ்விடத்துக்குரிய சான்றைக் காட்டும். ஆயின் நால்வகையினர்க்கும் காட்டுவது ஒன்றன்று. அடிமைக்கு ஒருவர் சொல்வது வேறு; ஆங்கிலச் சார்பினருக்குச் சொல்வது வேறு. இறுதியில் யாவரும் கூடி, தாம் திரட்டியவற்றை ஒப்புநோக்கி, முதற்குண்டைச் சுட்டவர் யார் என வழக்காடுவர்.

இதில் கருவி செய்தது யாது? உருவம் எதனையும் அது திடலில் எழுப்பவில்லை. செங்குப்பாயம் அணிந்த படை அணிவகுத்து வரவில்லை, புகை எழவில்லை. எழுத்தைத் தந்தது, எழுத்துக்குரிய இடத்தைத் தந்தது, இன்னார்க்கு இன்ன எழுத்து என வரையறுத்தது. எஞ்சியவற்றை மாணவர் கண்ணும் காலும் அறிவும் செய்தன. சுவரின் பின்னிருந்து சுட்டனர் என்று பிட்கேர்ன் கூறியதனை வகுப்பறையில் படிப்பவன் அதனை ஒரு வாக்கியமாக மட்டுமே கொள்வான். திடலில் நின்று படிப்பவன், இங்கிருந்து எவ்வளவு தொலைவு, அன்று விடியல் வெளிச்சத்தில் யார் யாரைக் கண்டிருத்தல் கூடும் என்று தலைநிமிர்ந்து நோக்குவான். பக்மன் விடுதி என்னும் பழங்கட்டடம் இன்றும் திடலருகே நிற்கிறது. அதனைக் கண்டு தொலைவை அளந்துகொள்ளலாம். உரை மூலத்தினிடத்தே செலுத்தும் என்று மேலே கூறியது இதனையே.

பாட வேறுபாடுகளை வைத்துக்கொண்டு மூலபாடம் தேரும் மாணவனுக்கு இப்பயிற்சி எத்துணை அணுக்கமானது என்பதைத் தமிழாசிரியர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஏடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம் சொல்லும். எழுதினார் யார், எப்பக்கத்தார் என்று அறியாமல் எதனையும் கொள்ளுதலும் தள்ளுதலும் ஆகா.

இலக்கணப் பூசல்

ஈண்டு ஒரு தடை எழும். அசூமாவின் மூன்றாம் இலக்கணத்தை வைத்து நோக்கின், லெக்சிங்டன் பாடம் மிகை மெய்ம்மையே ஆகாது. முப்பரிமாணத்தில் பொருந்தி நிற்கும் உருவம் அதில் ஒன்றுமில்லை. இத்தடையை உணர்ந்தே கிளாப்பரும் ஸ்கொயரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இலக்கணத்தை விரித்தனர். மெய்யான சூழலோடு இடத்துக்கும் நிலைக்கும் இயைந்த செய்தி பொருந்துமாயின் அதுவே போதும் என்பது அவர் கொள்கை. சேர்ப்பதில் மென்மையும் வன்மையும் உண்டு என்றும், மென்மையான சேர்ப்பில் மாணவன் மெய்யுலகிலேயே பெரும்பாலும் நிற்பான் என்றும் கிளாப்பர் பகுத்தார். கருவிநூலார்க்கு அசூமாவின் இலக்கணமே ஏற்றது. அவர்தம் தொழில் உருவத்தைப் பொருத்துவது. கல்வியாளர்க்கு அதனை விதியாக்குதல் பொருந்தாது. அவ்வாறு விதியாக்கியதன் விளைவாகவே, இத்துறையின் சிறந்த பாடங்கள் சில வரலாற்றில் அடிக்குறிப்பாய் ஒடுங்கின.

உருவங்காட்டும் முறையால் பயனில்லை எனல் எமது கருத்தன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் கூட்டுறவில் கேட்டோவும் பில்லிங்கர்ஸ்டும் 1999-இல் அளித்த மென்பொருளால், கறுப்புக் கட்டமிட்ட அட்டையின்மேல் உருவத்தை நிறுத்துதல் எளிதாயிற்று. 2001-இல் வந்த மாயநூல் ஒன்றில் பக்கங்களின்மேல் கதைக்களம் எழுந்து நின்றது. அப்பல்கலைக்கழகத்திலேயே ஷெல்டன், ஹெட்லி என்பார், ஞாயிற்றுக்கும் நிலவுலகுக்கும் உள்ள தொடர்பைப் புவியியல் மாணவர்க்கு இம்முறையில் கற்பித்து, அதன் பயனை 2002-இல் எழுதினர். பருவ மாற்றத்தின் காரணத்தைத் தட்டைப் படத்தால் விளக்குவது எவ்வளவு அரிது என்பதனை ஆசிரியர் அறிவர். காணவியலாததைக் காட்டுமிடத்தில் உருவம் வேண்டியதே. கண்முன் நிற்பதனை மறைக்குமிடத்திலேதான் அது மிகையாகிறது.

மென்மையான முறைக்கும் குறைகள் இருந்தன. ஹார்வர்டு, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களும் மாசசூசெட்ஸ் கழகமும் கூடி ஆக்கிய வேற்றுலகத்தார் வருகை பற்றிய விளையாட்டைப் பள்ளி மாணவரிடையே ஆய்ந்து, டன்லீவி, டீடி, மிட்செல் ஆகியோர் 2009-இல் எழுதிய கட்டுரை அவற்றை ஒளிக்காமல் கூறுகிறது. மாணவர் ஊக்கம் மிக்கிருந்தது. ஆயின் இடங்காட்டும் கருவி பலமுறை பிழைத்தது. ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்க வேண்டியிருந்ததால் மாணவர் அறிவு திணறியது. ஓர் ஆசிரியர் தனித்து நடத்தக்கூடிய பாடமாக அஃது அமையவில்லை. இவ்வெளிப்படைத்தன்மை இக்கால விளம்பரங்களில் அரிது.

இக்குறைகளுட் சிலவற்றை நீக்கிய முயற்சியாக, ஹார்வர்டைச் சார்ந்த குழுவினர் 2013-இல் எழுதிய குளக்கரைப் பாடத்தைக் கூறலாம். ஆறாம் வகுப்பு மாணவர் கைப்பேசியுடன் ஒரு குளத்தைச் சுற்றி நடந்தனர். குறித்த இடங்களில் கைப்பேசி அவர்களை நிறுத்தியது. நிறுத்தியபின், நீரின் கலங்கலையும் அதிற் கரைந்த உயிர்வளியையும் அளக்கும் மெய்யான கருவியை நீரில் இடச் சொல்லியது. கைப்பேசி சொல்ல, கை நீரில் நனைந்தது.

கைப்பேசிக் காலமும் பின்னும்

2008-க்குப் பின் காலம் விரைந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008-இல் வந்தது. 2009-இல் ஐபோனில் திசைகாட்டி சேர்ந்தது. லேயர் முதலான செயலிகள் தெருவின்மேல் குறிகளை மிதக்கவிட்டன. 2016-இல் போகிமான் கோ என்னும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. 2017-இல் ஆப்பிள் நிறுவனம் ஏஆர்கிட்டையும், கூகுள் நிறுவனம் ஏஆர்கோரையும் அறிவித்தன. தரையையும் மேசையையும் தானே அறிந்து அதன்மேல் உருவத்தை நிறுத்தும் ஆற்றல், தனிக் கருவி வேண்டாமலே எளிய கைப்பேசிக்கும் வந்தது. அதே காலத்தில் கூகுளின் எக்ஸ்பெடிஷன்ஸ் என்னும் பள்ளிச் செயலியிலும் இவ்வாற்றல் சேர்ந்தது. எரிமலையும் சூறாவளியும் வகுப்பறை நடுவே எழுந்தன. மாணவர் சுற்றி நின்று கண்டனர். இக்காட்சி அழகியதே. எனினும் நடந்து தேடிய மாணவன் நின்று காண்பவனாயினான். களம் இருந்த இடத்தில் வகுப்பறைத் தரை வந்தது. எத்தரையாயினும் எரிமலை ஒன்றே.

அச்செயலி 2021-ஆம் ஆண்டின் நடுவில் நிறுத்தப்பட்டது. அந்நிறுவனத்தின் டாங்கோ என்னும் முந்தைய முயற்சி 2018-இலேயே முடிந்திருந்தது. நிறுத்துதல் நிறுவனத்தார் உரிமை. ஆயின் அதனை நம்பிப் பாடம் அமைத்த ஆசிரியர் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. லெக்சிங்டன் பாடமும் இன்று இயங்காது, பாக்கெட் பி.சி. என வழங்கிய அக்கருவிகள் விற்பனையில் இல்லை. ஓலையில் எழுதியோர் செல்லரிப்பை அறிந்திருந்தனர்; ஆகலின் ஏடு படியெடுத்து ஏடு வளர்த்தனர். கணிப்பொறிப் பாடங்களுக்கு அவ்வாறு படியெடுப்பார் அரியர்.

ஆயினும் இரண்டின் அழிவும் ஒன்றன்று. லெக்சிங்டன் பாடத்தின் சான்றுரைகள் அச்சில் உள்ளன. நால்வகை மாந்தர் யாவர், யாது நோக்கி நடந்தனர் என்பது ஷ்ரியரின் ஆய்வேட்டில் உளது. திடலும் விடுதியும் இருந்தவிடத்தே உள்ளன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கிய ஆரிஸ், மாசசூசெட்ஸ் கழகத்தார் பின்னர் வெளியிட்ட தேல்பிளேசர் ஆகியவை, நிரல் எழுதும் பயிற்சி மிக இல்லாத ஆசிரியரும் தம் ஊர்க் களத்துக்கு இத்தகைய பாடம் ஆக்குவதற்கென்றே எழுந்தவை. அவையும் நிலையானவை அல்ல. அவை நின்றபின்னும் அச்சான்றுரைகளைத் தாளில் எழுதி, நால்வகையினர்க்கும் பிரித்துக் கொடுத்து, மாணவரைத் திடலுக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆசிரியரால் இயலும்.